லொட்டே வரும் காலம்

வார்டோவில் மரம் கிடையாது. கோட்டை மதிலுக்குள் ஒரு ரோவன் மரம் நின்றது. குளிர் தொடங்கியதும் அதைப் போர்த்திக் கட்டிவிடுவார்கள். பின்னாளில் அதுவும் பட்டுப்போனது. துளிர்த்தது, பூத்தது என்று சொல்லி வசந்தத்தை அறிவிக்க அந்த ஊரில் எதுவும் இல்லை. மார்ச் முழுக்கக் காற்று பனியைக் குறுக்காக அடிக்கும். ஏப்ரலிலும் தெருவோரத்தில் பனி குவிந்து கிடக்கும். நோர்வேயின் கிழக்கு அந்தத்தில், 70 பாகைக்கும் வடக்கே, பேரன்ட்ஸ் கடலுக்குள் கிடக்கும் தீவு அது. வரைபடத்தில் கோடு கீறிப் பார்த்தால் இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே வரும். அங்கே வசந்தம் கடல் பக்கமிருந்துதான் வந்தாக வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தது 1987ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில். ஃபின்மார்க் கரையோரத்து மீன் ஆலைகளில் ஆள் தட்டுப்பாடு. உள்ளூர் இளசுகள் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். படிக்கவென்று நோர்வே வந்தவர்களும் அகதியாக வந்தவர்களுமாக யாழ்ப்பாணத்துப் பெடியள் அந்த ஆலைகளில் போய் நின்றோம். நான் மயிலிட்டி. ஐயா கடற்றொழில் செய்தவர். என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை குருநகர்க்காரர். ஊரில் எங்கள் ஆட்களுக்குக் கடலில் இறங்கத் தடை; இங்கே வேற்று நாட்டுக் கடல் மீனை வெட்டச் சம்பளம். அண்ணை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கசப்பு இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் பிடிபட்டது.

ஆலையில் கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் கண்ணாடி மேசைகள் உண்டு. கொட் மீன் துண்டத்தை அதில் பரப்பி, மிச்சமிருக்கும் முள்ளையும், தசைக்குள் சுருண்டு கிடக்கும் புழுவையும் கத்தி நுனியால் எடுக்க வேண்டும். எனக்குப் பக்கத்து மேசையில் வார்டோவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி நின்றார். என் அம்மாவைவிட வயது கூட. என்னுடைய நோர்வே மொழிக்கு ஏற்றபடி மெதுவாக, சின்னச் சின்ன வசனங்களில் கதைப்பார். பறவை பற்றிய புத்தகம் எதையும் அவர் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் எந்தப் பறவை எந்தக் கிழமை வரும், வராவிட்டால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரி 20 அளவில்தான் திரும்பும். வட்டம் முழுதாகக் கண்ணில் பட்ட அன்றைக்குக் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை. முதல் வருடம் அந்த வெடிச் சத்தத்துக்கு எங்கள் பெடியள் இரண்டு பேர் நிலத்தில் குந்திவிட்டார்கள். அதை இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. சூரியன் வந்தது, குளிர் போகவில்லை. சொல்லப்போனால் பெப்ரவரி இன்னும் மோசம். ஆனால் அந்த மோசமான மாதத்தில்தான் முதல் பறவைகள் வரத் தொடங்கும்.

துறைமுகத்துக்கு எதிரே, படகில் பத்து நிமிடத் தூரத்தில் ஹோர்னோயா என்ற சிறு தீவு. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. பனிக்கால நடுவில் அது வெறும் பாறை. பெப்ரவரியில் ஒரு நாள் காலை பார்த்தால் தட்டுத் தட்டாகக் கறுத்துப் போயிருக்கும். முதுகு கறுப்பும் வயிறு வெள்ளையுமாக லும்விகள், தேர் பார்க்க வந்த சனம் போல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். அடுத்த நாள் ஒன்றும் இராது. சில நாள் கழித்துத் திரும்ப வரும், சில மணி நேரம் நிற்கும், மறுபடியும் கடலுக்குப் போய்விடும். “இடம் பிடிக்க வருகிறார்கள்” என்றார் பக்கத்து மேசைக்காரி. லும்வி கூடு கட்டாது. வெறும் பாறைத் தட்டில் ஒரேயொரு முட்டை இடும். அந்த ஒரு சாண் இடத்துக்காகத்தான் முட்டையிடும் காலத்துக்கு மாதங்கள் முன்பே இத்தனை வரத்தும் போக்கும்.

என்னை வியக்க வைத்தது வேறொன்று. இந்த லும்விகள் வெகு தூரத்திலிருந்து வருபவை அல்ல. குளிர்காலம் முழுக்க, பகலே இல்லாத அந்த வாரங்களிலும், பேரன்ட்ஸ் கடலிலேயே கிடந்து, இருட்டில் முக்குளித்து மீன் பிடித்திருக்கின்றன. நாங்கள் ஆலைக்குள் குழல்விளக்கின் கீழ் நின்ற அதே இரவுகளில் அவை வெளியே இரை தேடியிருக்கின்றன. வலசை என்றால் உலகத்தின் பாதியைக் கடப்பது என்று நினைத்திருந்த எனக்கு, திறந்த கடலிலிருந்து கரைக்கு வருவதும் வலசைதான் என்பது புதிதாக இருந்தது.

அவற்றுக்குப் பின்னே கிரிக்யே. கறுப்புக் காலும் மஞ்சள் அலகும் கொண்ட சிறிய கடற்காகம். இதுதான் உண்மையிலேயே தூரத்திலிருந்து வருவது. அட்லாண்டிக் நடுவே, சில கிரீன்லாந்து, நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம்வரை போய்க் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும். பாறையில் இடம் போதாமலோ என்னவோ, ஊருக்குள் படகுத்துறைப் பழைய கிட்டங்கிகளின் சுவர் விளிம்பிலும் யன்னல் கட்டையிலும் சேறும் பாசியும் சேர்த்துக் கூடு வைக்கும். வந்த நாளிலிருந்து ஓயாத சத்தம். எச்சத்தின் நாற்றம் வேறு. நித்திரை கெட்டு எரிச்சலில் நின்ற எங்களுக்கு அதைக் கேட்டு மகிழும் உள்ளூர்க்காரர்கள் விசித்திரமாகத் தெரிந்தார்கள். “சத்தம் இல்லாத வருடத்தை நீ பார்த்ததில்லை” என்று மட்டும் சொன்னார் பக்கத்து மேசைக்காரி.

அவர் சொன்னது எங்களுக்கு முந்திய குளிர்காலத்தை. 1986 முடிந்து 1987 தொடங்கிய அந்த மாதங்களில் பேரன்ட்ஸ் கடலில் லொட்டே இல்லாமல் போயிற்று. லொட்டே என்பது விரலைவிடச் சற்று நீளமான, வெள்ளி நிறச் சின்ன மீன். எங்கள் ஊர்ச் சூடையோடு குடும்ப உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் கடலில் அதற்குள்ள வேலை சூடையின் வேலைதான். பெரியவை எல்லாம் அதைத்தான் தின்னும். 1983இல் பெருகிய ஹெரிங் குஞ்சுகள் லொட்டேயின் குஞ்சுகளைத் தின்று தீர்த்தன. மிச்சத்தை மனிதர் கணக்கில்லாமல் அள்ளினார்கள். பசித்த சீல்கள் வடக்கேயிருந்து கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வந்து வலைகளில் சிக்கின. ஹோர்னோயாவில் லும்விகள் ஒரே குளிர்காலத்தில் ஐந்தில் நாலு பங்கு அளவுக்குக் குறைந்தன. துரோம்சோ அருங்காட்சியகத்தின் ராபர்ட் பாரெட் 1980 தொடக்கம் அந்தப் பாறையில் பறவைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர்; அதனால்தான் இழப்பின் அளவு ஊகமாகப் போகாமல் எண்ணிக்கையாகப் பதிவானது.

ஆக, நான் “தேர் பார்க்க வந்த சனம்” என்று சொன்னதெல்லாம் மிஞ்சியவைதான். பக்கத்து மேசைக்காரி ஒரு நாள் தேநீர் இடைவேளையில் என்னை யன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பாறையில் எந்தத் தட்டு எதுவரை முன்பு நிறைந்திருக்கும் என்று விரலால் காட்டினார். எனக்கு நிறைந்து தெரிந்தது அவருக்கு வெறுமையாகத் தெரிந்தது. செத்தவீட்டில் வந்திருப்போரை விட்டுவிட்டு வராதவர்களையே எண்ணும் கிழவிகளை எனக்குத் தெரியும். அவரும் அதைத்தான் செய்தார்.

அண்ணைக்கு இந்தப் பறவைகளின் அழகில் அக்கறை இல்லை. அவர் பார்த்தது தொழில்காரர் பார்வை. மார்ச் நடுவில் ஒரு ஞாயிறு, இருவரும் அலைதடுப்புச் சுவரோரம் நடந்தபோது கிரிக்யேக்கள் ஒரே இடத்தில் கவிழ்ந்து கவிழ்ந்து விழுந்துகொண்டிருந்தன. அண்ணை நின்றுவிட்டார்.

“தம்பி, உங்கை பார். பாடு கிடக்கு.”

“ஆலாவே உது?”

“ஆலா இல்லை. ஆனா ஆலாவின்ரை வேலை. கீழை சின்ன மீன், அதுக்குக் கீழை பெரிசு. நாளையிண்டைக்கு எங்களுக்கு ஓவர்டைம்.”

அப்படியேதான் நடந்தது. லொட்டே முட்டையிடக் கரையை நெருங்கும் காலம் அது. அதைத் துரத்திக்கொண்டு கொட் வரும். படகுகள் நிறைந்து வரும். ஆலையில் இரண்டாவது ஷிப்ட் தொடங்கும். பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடி வந்து, கொட் தலைகளை ஆணியில் குத்தி நாக்கை வெட்டிப் பை நிறைக்கும். அது அவர்களுடைய கைக்காசு. வெளியே மரச்சட்டங்களில் தலையும் உடலும் உப்பில்லாமலே காய்ந்து ஆடும், தலைகள் நைஜீரியாவுக்குக் கப்பலேறும். சம்பளம் கூடும், ஊருக்குக் காசு போகும். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி லொட்டே. நாங்கள் அதன் கடைசிக் கண்ணி. பறவைகள் நடுவில் எங்கேயோ நின்று எங்களுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தன. ஐயாவுக்கு இதை எழுதினேன். வெகு நாள் கழித்து வந்த பதிலில் பறவை நல்ல உயரத்திலிருந்து விழுகிறதா, தண்ணீரோடு ஒட்டிப் பறக்கிறதா என்று கேட்டிருந்தார். மீன் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்பதை அறிவதற்கு.

எனக்கென்று பிடித்துப்போனது மீனோடு சம்பந்தமே இல்லாத ஒரு குருவி. மார்ச் கடைசியில், ஏப்ரல் தொடக்கத்தில், பனிப்புயலுக்கு நடுவே தெருவில் வந்து இறங்கும். ஸ்னோஸ்பூர்வ் என்பார்கள். ஊர்க்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. சிறகில் வெள்ளைத் திட்டு, பறந்தால் பனித்துகள் எழும்பியதா குருவி எழும்பியதா என்று தெரியாது. முதலில் வருவது ஆண் பறவைகள் மட்டும். பெட்டைகள் சில வாரம் பிந்தித்தான் வரும். இரை தேட நிலமே தெரியாத காலத்தில் ஏன் இப்படி முந்தியடிக்க வேண்டும்? கல்லிடுக்கில்தான் கூடு வைக்கும் இனம். நல்ல இடுக்குகள் கொஞ்சம்தான். முந்தி வந்து குளிரைத் தாங்கியவனுக்கே இடம்.

ஆண்கள் முதலில் போய் இடம் பிடித்து, பின்னால் பெண்களைக் கூப்பிடுவது. எங்கள் விடுதியில் அத்தனை பேரும் அந்தக் கதைதான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவன் ஒரு பிடி அரிசியை வாசலில் எறிந்தான். குருவிகள் தொடவில்லை. பக்கத்து மேசைக்காரி ஓட்ஸ் கொடுத்தனுப்பினார். அதன் பிறகு ஏப்ரல் முழுக்க எங்கள் வாசற்படியில் கூட்டம். அரிசியை என்ன செய்தது என்று அண்ணையிடம் கேட்டால், “பொறுக்கி எடுத்து உலையிலை போட்டன்” என்பார், பொய்யாக இருக்கலாம்.

வருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வராங்கர் ஃபியோர்டில் வசந்தம் என்பது போவதும்தான். பேருந்தில் வாட்சோ பக்கம் போனால், துறைமுகத்தை ஒட்டியே நூற்றுக்கணக்கில் ஒரு சின்ன வாத்து. ஆணுக்கு வெள்ளைத் தலை, மங்கல் செம்மஞ்சள் மார்பு, பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. ஸ்டெல்லர் வாத்து. எங்களுக்குத் தாங்க முடியாத அந்தக் குளிர்தான் அதற்குக் கதகதப்பான மாரி. சைபீரியத் தூந்திராவின் குளத்தோரங்களில் குஞ்சு பொரிப்பதற்காக ஏப்ரல், மே மாதங்களில் கிழக்கே கிளம்பிவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் நீரில் மூழ்கி, ஒரே நேரத்தில் எழும்பும் அதன் வழக்கத்தைப் பார்த்துக்கொண்டே பேருந்தைத் தவறவிட்டவர்கள் எங்களில் உண்டு. வடக்கு என்றால் எல்லாவற்றுக்கும் கடைசி எல்லை என்று நினைக்கிறோம். அந்த வாத்துக்கு வார்டோ தெற்கு.

1989. அந்த வருட வசந்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொட் நிறையப் பட்டது. ஏப்ரல் 18ஆம் தேதி, ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று கரையோரப் படகுகளின் கொட் பிடியை அரசு நிறுத்தியது. கடலில் மீன் இருக்கிறது, படகு கட்டையில் கிடக்கிறது. கரையோர மீனவர்கள் கொதித்தார்கள். ட்ரோலர்களுக்கு ஒரு நீதி, தங்களுக்கு ஒரு நீதியா என்பதுதான் கேள்வி. விஞ்ஞானிகள் பக்கமும் நியாயம் இருந்தது. கொட் இனம் மெலிந்துதான் போயிருந்தது, லொட்டே இல்லாத வருடங்கள் அதையும் பட்டினி போட்டிருந்தன. ஆனால் நியாயத்தை மேசையில் நின்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மேசையே ஓய்ந்துவிட்டது. எங்களைத் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேலை இல்லாத அந்த ஏப்ரலில்தான் நான் பறவைகளை ஆற அமரப் பார்த்தேன். வேறென்ன செய்ய? பகல் நீண்டுகொண்டே போனது. சும்மா நின்ற ஒரு படகுக்காரர் எங்கள் சிலரை ஹோர்னோயாவுக்கு ஏற்றிப் போனார். கலங்கரை விளக்கில் அப்போது காவலர்கள் இருந்தார்கள். கரையில் கால் வைத்ததும் மூக்கில் ஏறியது அமோனியா நெடி. மேலே பார்த்து வாயைத் திறக்கக் கூடாது என்பது முதல் புத்திமதி. பாதையோரத்திலேயே கரும்பச்சை உடலும் தலையில் கொண்டையுமாக நீர்க்காகங்கள் கூட்டில் உட்கார்ந்து, கடந்து போகிறவர்களைப் பார்த்துச் சீறின. விலகவில்லை. பச்சைக் கண். அவ்வளவு அருகில் ஒரு காட்டுப் பறவை என்னைப் பொருட்படுத்தாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

லுண்டேக்கள் அப்போதுதான் வந்திருந்தன. வரி வரியாக வண்ணம் தீட்டிய அலகும், கொஞ்சம் கவலைப்பட்ட முகமும். சரிவில் இருக்கும் மண் பொந்துகளின் வாயைப் பனி மூடியிருந்தது. ஒவ்வொன்றும் தன் பொந்து இருந்த இடத்துக்கு மேலே பனியில் நின்றுகொண்டு காத்திருந்தது. அண்ணை வெகுநேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு, “வீட்டைப் பூட்டிப்போட்டுத் திறப்பை ஆரோ கொண்டு போட்டாங்கள்” என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மேலே பாறையில் லும்விகள் முந்திய வருடத்தைவிடக் கொஞ்சம் கூடவாகத் தெரிந்தன. எனக்கும் வெறும் தட்டுகளை எண்ணும் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

அந்த நிறுத்தத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் பலர் ஒஸ்லோவுக்குப் போனார்கள். நானும் போனேன். பிறகுதான் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டவை உண்டு. தொண்ணூறுகளில் லொட்டே மறுபடியும் சரிந்தது, ஆனால் அந்த முறை லும்விகள் அப்படிச் சாகவில்லை. இளம் ஹெரிங்கும் கொட் குஞ்சும் கடலில் இருந்தன, அவற்றைத் தின்று பிழைத்தன. ஹோர்னோயாவில் லும்வி திரும்பப் பெருகியது. மேற்கே யெல்ம்சோயாவில் லட்சக்கணக்கில் இருந்த கூட்டம் மீளவே இல்லை. 2021இல் வெளியான நோர்வேயின் சிவப்புப் பட்டியலில் லும்வி மிகக் கடும் ஆபத்தில் உள்ள இனம். எங்கள் நித்திரையைக் கெடுத்த கிரிக்யே அதற்கு ஒரு படி கீழே. 2023 கோடையில் பறவைக் காய்ச்சல் வந்து வாட்சோ பக்கத்தில் கிரிக்யேக்கள் ஆயிரக்கணக்கில் செத்துக் கரையொதுங்கின.

இன்னொன்றும் தெரிந்தது. வராங்கர் குளங்களில் மே கடைசியில் வந்திறங்கும் ஒரு சின்ன உள்ளான் உண்டு, கழுத்தில் சிவப்புப் பட்டையோடு நீரில் சுழன்று சுழன்று நீந்துவது. நெஸ்ஸெபி தேவாலயத்துக் குளத்தில் கையெட்டும் தூரத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு கிராமுக்கும் குறைந்த கருவியைக் கட்டி அதன் வழியைத் தேடிய ஆய்வாளர்கள், ஸ்கண்டிநேவியப் பறவைகள் அரபிக்கடலில் மாரியைக் கழிக்கின்றன என்று கண்டார்கள். ஐஸ்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் உள்ள அதே இனம் பசிபிக் பக்கம் போகிறது. நான் மயிலிட்டிக் கரையில் நின்ற காலத்தில், அந்தக் குளத்துக்குரியவை இந்தியாவின் அந்தப் பக்கக் கடலில் மிதந்திருக்கின்றன. இதை ஐயாவிடம் சொல்லியிருந்தால் அங்கே என்ன மீனைத் தின்னும் என்றுதான் கேட்டிருப்பார். மீன் இல்லை, கடலில் மிதக்கும் சிற்றுயிர்கள்.

அண்மையில் ஒரு மார்ச் மாதம் வார்டோவுக்குப் போய் வந்தேன். ஆலைகள் குறைந்துவிட்டன. பறவை பார்க்க உலகமெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து பார்க்கப் பயோடோப் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர்கள் மரத்தால் அழகான மறைவிடங்கள் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்றில் என் பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரர், கையளவு தடித்த லென்ஸோடு. நான் எந்தப் பறவையைத் தேடி வந்தேன் என்று மரியாதையாக விசாரித்தார். அவருக்கு ராஜ வாத்து வேண்டியிருந்தது. தூரத்தில் கிரிக்யேக்கள் கவிழ்ந்து விழுந்துகொண்டிருந்தன, நல்ல உயரத்திலிருந்து. ஒரு படகு துறைக்குள் வந்தது. நான் அவரிடம் விடைபெற்றுக்கொண்டு, கொட் இன்றைக்குக் கிலோ என்ன விலை போகிறது என்று கேட்கக் கீழே இறங்கினேன்.